சி.ஏ. முடிக்காமல் இன்டர்னல் ஆடிட்டில் நுழைய முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிக் கல்வி. கணக்குப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வருகிறது. பள்ளி முடித்ததும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதச் சொன்னார்கள். வீட்டுச் சூழ்நிலையில் துணிச்சல் வரவில்லை. இப்போது எங்கள் பேராசிரியர், "இன்டர்னல் ஆடிட் பக்கம் போம்மா, அதற்கு நல்ல ஆள் கிடைப்பதில்லை" என்கிறார். அப்பாவோ, "கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தக் கம்பெனியையே எப்படித் தணிக்கை செய்வாய்? எல்லாம் கண்துடைப்பு" என்கிறார். இது வெறுமனே வவுச்சரில் டிக் அடிக்கும் வேலைதானா சார்? மீதமுள்ள இந்த ஓராண்டில் நான் எதைப் படிக்க வேண்டும்? சி.ஐ.ஏ. என்று ஒரு படிப்புக்கு விளம்பரம் பார்க்கிறேன், அதில் சேரலாமா? ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றாலே எனக்குக் கை நடுங்குகிறது.
— வாசகி, பவானி.

பதில்: உங்கள் அப்பா கேட்டதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்வி. அவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்டாட்யூட்டரி ஆடிட்டர், நிதி அறிக்கைகளை நம்பலாமா என்று பங்குதாரர்களுக்குச் சொல்பவர். உள்தணிக்கையாளர் நிர்வாகத்துக்கும் இயக்குநர் குழுவுக்கும் சொல்பவர். அவர் கணக்குப் புத்தகத்தோடு நிற்பதில்லை. சரக்கை யார் ஆர்டர் செய்கிறார், கேட்டில் யார் எடைபோடுகிறார், பில்லை யார் பாஸ் செய்கிறார், பணம் யார் சொல்லி வெளியே போகிறது என்று கணக்கு பிறக்கும் இடங்களுக்கே போய்ப் பார்க்கிறார். சம்பளம் கொடுக்கிற இடத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல முடியுமா என்றால், முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் ஒவ்வொரு பெரிய சாட்சி இருக்கிறது.

முடியும் என்பதற்கு வேர்ல்ட்காம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளின்டன் என்ற ஊரில் தலைமையகம் வைத்திருந்த பெரிய தொலைபேசி நிறுவனம் அது. 2002-ல் அதன் உள்தணிக்கைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிந்தியா கூப்பர் என்ற பெண்மணி. பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்த மாதாமாதம் கொடுக்கும் கட்டணம்தான் அந்தத் தொழிலின் பெரிய அன்றாடச் செலவு. அந்தச் செலவை லாப நட்டக் கணக்கில் எழுதாமல், சொத்து என்று சொல்லி இருப்புநிலைக் குறிப்புக்குத் தள்ளியிருந்தார்கள். பதிவுகளில் 'ப்ரீபெய்டு கெபாசிட்டி' என்றொரு தலைப்பு வந்தது. அப்படியென்றால் என்ன என்று கூப்பரின் குழு கேட்டுக்கொண்டே போனது. கணக்குப் பிரிவில் யாராலும் விளக்க முடியவில்லை. தலைமை நிதி அதிகாரி, இந்தத் தணிக்கையை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவையுங்கள் என்றார். அவர்கள் தள்ளிவைக்கவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டினார்கள். அந்த ஜூன் 25-ஆம் தேதி, 380 கோடி டாலர் செலவைத் தவறாகக் கணக்கு எழுதியிருந்ததாக நிறுவனமே அறிவித்தது. அடுத்த மாதம் திவால் மனு. மோசடியின் முழு அளவு சுமார் 1,100 கோடி டாலர் என்பது பிறகுதான் வெளிவந்தது.

முடியாது என்பதற்கு நம் நாட்டு சத்யம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 10 பேரில், அந்நிறுவனத்தின் உள்தணிக்கைத் தலைவராக இருந்தவரும் ஒருவர். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, அப்பா சொன்னதில் பாதி சரி. அறிக்கை யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் கம்பெனிகள் சட்டம் 2013-ன் 177-ஆம் பிரிவின்படி தணிக்கைக் குழு இருக்கும். உள்தணிக்கைத் தலைவர் அந்தக் குழுவை நேரடியாகச் சந்திக்க முடிந்தால் அவருக்கு முதுகெலும்பு இருக்கும். எல்லாமே நிதி மேலாளர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் முதல் வரியிலேயே கத்தரி விழும். நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளில் அறிக்கை முதலாளிக்குப் போகும். அங்கே ஸ்டோர்ஸையும் பர்ச்சேஸையும் சம்பளப் பட்டியலையும் நன்றாகவே தணிக்கை செய்யலாம்; முதலாளியை முடியாது. அதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை. நேர்முகத் தேர்வில் "கேள்வி ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். "ரிப்போர்ட் யாருக்குப் போகும் சார்?" என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம் சொல்லும்.

அடுத்து, டிக் அடிக்கும் வேலையா என்ற சந்தேகம். முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும், மறைப்பானேன். அதற்குமேல் அது டிக் அடிக்கும் வேலையாக நீடிப்பது உங்கள் கையில். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பனியன் தொழிலிலிருந்து ஒரு மாதிரி காட்டுகிறேன். ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டின் பில்களைத் தேதி வரிசையில் அடுக்குகிறீர்கள். ஜூன் 3-ல் பில் எண் 41. ஜூன் 19-ல் 42. ஜூலை 7-ல் 43. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை: ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, சரக்கு வந்ததற்கு ஸ்டோர்ஸ் கையெழுத்து இருக்கிறது, கூட்டலும் சரி. டிக் அடிப்பவர் மூன்று டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, ஒரு மாதத்துக்கு மேலாக இந்த யூனிட் நம்மைத் தவிர வேறு யாருக்கும் ஒரு பில்கூடப் போடவில்லை என்று தெரிகிறது. அவர் அந்த முகவரியைப் போய்ப் பார்ப்பார். அங்கே பூட்டிய வீடு இருக்கலாம். நாலு மெஷினை வைத்துக்கொண்டு ஒரே கம்பெனியை நம்பிப் பிழைக்கும் நேர்மையான மனிதரும் இருக்கலாம். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. சந்தேகம் வந்ததுமே திருடன் என்று எழுதிவிடாத நிதானமும் இந்தத் தொழிலின் படிப்புதான்.

இன்னொன்று. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணியாகி டையிங்குக்குப் போகிறது, காம்பேக்டிங் முடிந்து திரும்புகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறையும். எவ்வளவு குறையலாம் என்று பேசி வைத்த ஒரு சதவீதம் இருக்கும். குறைவு அந்தச் சதவீதத்தைத் தாண்டினால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு லாட்டிலும் மிகச் சரியாக அந்தச் சதவீதத்திலேயே நின்றால் யாரும் கேட்பதில்லை. அங்கேதான் கேட்க வேண்டும். நிஜமான எடை ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக வராது. தராசில் ஏற்றாமலேயே எழுதுகிறார்கள் என்று அர்த்தம். அடக்கவிலைக் கணக்கியலில் இயல்பான நட்டம், அசாதாரண நட்டம் என்று கணக்குப் போட்டிருப்பீர்களே, அது இதுதான்.

இனி, இந்த ஓராண்டில் என்ன படிப்பது.

கணக்கை இன்னும் ஆழமாகப் படியுங்கள். ஆடிட் வேலைக்குப் போகிறோம், கணக்கு ஓரளவு தெரிந்தால் போதும் என்ற நினைப்பு மாணவர்களிடம் இருக்கிறது. தவறு. வேர்ல்ட்காமில் பல நூறு கோடி டாலர் ஒளிந்திருந்த இடம், மூலதனச் செலவு எது, வருவாயினச் செலவு எது என்ற பள்ளிக்கூடப் பாடம். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை விவகாரம் 2018 பிப்ரவரியில் வெடித்தபோது முதலில் சொல்லப்பட்ட தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். அங்கே நடந்தது இதுதான்: வெளிநாட்டுக் கிளைகளுக்கு உத்தரவாதக் கடிதங்கள் ஸ்விஃப்ட் செய்தியாகப் போயின, அதே பரிவர்த்தனைகள் வங்கியின் கோர் பேங்கிங் கணக்கில் ஏறவில்லை. இரண்டு அமைப்புகளும் அப்போது இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்ட்டில் போனதையும் கணக்கில் இருப்பதையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் முதல் மாதமே வெளிவந்திருக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரி ஒரே கிளையில் ஏழு ஆண்டுபோல இருந்திருக்கிறார். இடமாற்றமும் கட்டாய விடுப்பும் ஏன் கட்டுப்பாடு என்ற தலைப்பில் வருகின்றன என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு இதுதான் உரை.

ஆகவே நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், தணிக்கை மூன்றையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஒவ்வொரு பதிவையும் பார்த்து, 'இதை வேண்டுமென்றே தப்பாக எழுத நினைப்பவன் எந்தக் கணக்கில் கொண்டுபோய் ஒளிப்பான்?' என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் கணினி சார்ந்ததை எடுங்கள். கோசோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் உள்கட்டுப்பாட்டுச் சட்டகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1992-ல் வந்து 2013-ல் திருத்தப்பட்டது, 5 கூறுகள், 17 கோட்பாடுகள். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு மளிகைக் கடையின் கல்லாவுக்கு அந்த ஐந்தையும் பொருத்திப் பார்த்தால் புரிந்துவிடும்.

எக்செல் மட்டும் சரளமாக வர வேண்டும். பிவட் டேபிள், வீ-லுக்கப், தேதியைக் கிழமையாக மாற்றுவது, இரட்டைப் பதிவைக் கண்டுபிடிப்பது. இவ்வளவு தெரிந்தாலே சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்களையும் ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்களையும் பொருத்திப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே எண் வந்தால் அன்றைய வேலை அதுதான். ஒப்புதல் வரம்பு 50,000 ரூபாய் என்றால், 48,000-க்கும் 50,000-க்கும் நடுவில் குவிந்திருக்கும் பில்களைத் தனியே பிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போட்ட பதிவுகளைப் பார்க்கலாம். டேலி தெரியும் என்று எல்லோரும் பயோடேட்டாவில் எழுதுகிறார்கள். அதில் எடிட் லாக் பார்க்கத் தெரியும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடம் அழியாமல் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்தத் தடத்தைப் படிப்பது உங்கள் தலைமுறைத் தணிக்கையாளருக்குக் கிடைத்திருக்கும் வசதி.

இறுதிப் பருவத்தில் ப்ராஜெக்ட் இருந்தால் தயவுசெய்து அதை வீணாக்காதீர்கள். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, 'வாடிக்கையாளர் மனநிறைவு' என்று வட்ட வரைபடம் போட்டு, பைண்டு செய்து வைக்கும் சடங்கை நான் நிறையப் பார்த்துவிட்டேன். படித்தவருக்கும் பயனில்லை, திருத்தியவருக்கும் பயனில்லை. அதற்குப் பதில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஒரே ஒரு நடைமுறையை எடுங்கள். அரிசி ஆலையின் கொள்முதலாக இருக்கட்டும், மருந்துக் கடையின் காலாவதிச் சரக்கு திருப்பமாக இருக்கட்டும், விசைத்தறிக் கூடத்தின் வாரக் கூலியாக இருக்கட்டும். ஒரு பரிவர்த்தனையை முதலிலிருந்து கடைசிவரை கூடவே நடந்து பாருங்கள். முதலாளி 'இப்படித்தான் நடக்கும்' என்று சொன்னதை ஒரு பக்கமும், நடந்ததை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம்தான் உங்கள் ப்ராஜெக்ட். அந்தக் காகிதத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போனால், பல சான்றிதழ்களை விட அது பேசும்.

ஆங்கிலப் பயம் பற்றி. தணிக்கை அறிக்கைக்கு வேண்டிய ஆங்கிலம் கதை எழுதும் ஆங்கிலம் அல்ல. ஒரு குறிப்பில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: என்ன கண்டேன், எப்படி இருந்திருக்க வேண்டும், ஏன் இப்படி ஆனது, அதனால் என்ன ஆகும், என்ன செய்யலாம். 'கொள்முதலில் கட்டுப்பாடு போதவில்லை' என்று எழுதினால் அது நல்ல ஆங்கிலத்தில் இருந்தாலும் மோசமான குறிப்பு. ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: 'பார்த்த 60 பில்களில் 17-ல் ஆர்டர் தேதி பில் தேதிக்குப் பின்னால் இருக்கிறது. ஆர்டர் போட்ட பிறகே வாங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அவசரத் தேவைக்கு ஸ்டோர்ஸ் நேரடியாகப் போனில் சொல்லிவிடுகிறது. ஆர்டர் பிறகு போடப்படுகிறது. விலையை ஒப்பிட வாய்ப்பு இல்லாமல் போகிறது. அவசரக் கொள்முதலுக்கு என்று தனி ஒப்புதல் முறை வேண்டும்.' முதலில் தமிழில் இப்படி எழுதிப் பழகுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். சிந்தனை தெளிவாக இருந்தால் ஆங்கிலம் ஓராண்டில் வந்துவிடும். இன்னொரு பக்கம், ஸ்டோர்கீப்பரிடமும் வாட்ச்மேனிடமும் அவர்கள் பேச்சிலேயே பேசி விஷயம் வாங்குவது உங்களுக்கு இயல்பாக வரும். நகரத்து ஆங்கிலப் பிள்ளைகள் பலர் அங்கேதான் திணறுகிறார்கள்.

கடைசியாக, படிப்பும் பட்டமும். சட்டம் என்ன சொல்கிறதென்றால், அதே கம்பெனிகள் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களுக்கும் உள்தணிக்கையாளர் கட்டாயம். பிரைவேட் லிமிடெட் என்றால், முந்தைய ஆண்டு விற்றுமுதல் 200 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், வங்கிக் கடன் நிலுவை 100 கோடியை எட்டியிருந்தாலும் கட்டாயம். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இந்த அளவைத் தொட்ட கம்பெனிகள் உண்டு. அந்தப் பொறுப்பில் நியமிக்கப்படுபவர் சி.ஏ.வாகவோ காஸ்ட் அக்கவுன்டன்டாகவோ இயக்குநர் குழு ஏற்கும் வேறு தொழில்முறையாளராகவோ இருக்கலாம். அதாவது, பி.காம். முடித்த உடனே உங்களை உள்தணிக்கையாளராக நியமிக்க மாட்டார்கள். அவருடைய குழுவில் வேலை செய்யலாம். உள்தணிக்கை செய்யும் சி.ஏ. அலுவலகங்களும் பெரிய கம்பெனிகளின் தணிக்கைப் பிரிவுகளும் பி.காம். படித்தவர்களை எடுக்கின்றன. ஆரம்பச் சம்பளம் குறைவு, ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். இரண்டையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

சி.ஏ. கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். வணிகவியல் பட்டதாரிக்குக் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். முன்பு மூன்று ஆண்டாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு ஆண்டு. உங்கள் மதிப்பெண்ணுக்கு இதை முயலாமல் விடுவது சரியில்லை என்பதுதான் என் கருத்து. அதுவும் உள்தணிக்கை அதிகம் செய்யும் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் கிடைத்தால், நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும். இரண்டு ஆண்டு குறைந்த ஊக்கத்தொகையில் ஓட்ட முடியாது என்றால், வேலையில் சேர்ந்துகொண்டே காஸ்ட் அக்கவுன்டன்சி படிக்கலாம். தொழிற்சாலை வட்டாரத்தில் இருப்பவருக்கு அது நன்றாகவே பொருந்தும்.

சி.ஐ.ஏ. என்பது அமெரிக்காவில் 1941-ல் தொடங்கிய உள்தணிக்கையாளர்கள் கழகம் தரும் சான்றிதழ். உலகமெங்கும் மதிப்பு உண்டு. மூன்று தாள், எல்லாம் கொள்குறி வினாக்கள்: முதல் தாளில் 125, மற்ற இரண்டிலும் தலா 100. தேர்வை முன்னதாக எழுதலாம். ஆனால் இளநிலைப் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு அனுபவம் ஆன பிறகே சான்றிதழ் கையில் வரும். 'ஆறு மாதத்தில் சி.ஐ.ஏ., உடனே வெளிநாட்டு வேலை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த இரண்டாவது வரியைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். கட்டணமும் டாலரில். இப்போது வேண்டாம், ஓரிரு ஆண்டு வேலை பார்த்த பிறகு, முடிந்தால் கம்பெனி செலவில் எழுதுங்கள். அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அந்தக் கழகத்தின் புதிய உலகளாவிய தரநிலைகள் 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் உள்ளன, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நம் சி.ஏ. கழகத்தின் உள்தணிக்கைத் தரநிலைகளும் அப்படியே.

அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கைத் துறைகளும் உங்கள் படிப்புக்குப் பொருந்துபவைதான். ஆனால் அது வேறு பாதை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தயாராவது கடினம்.

இன்டர்மீடியட் பதிவுக்கான தகுதி, கடைசித் தேதி, கட்டணம் மூன்றும் அவ்வப்போது மாறுகின்றன. கோச்சிங் சென்டர் சொல்வதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், சி.ஏ. கழகத்தின் இணையதளத்தில் அன்றைய விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். இறுதியாண்டு மாணவர்களும் தற்காலிகமாகப் பதிய வழி உண்டு என்பதால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.